எட்டு ஜி.பி. மலை

எட்டு ஜி.பி. மெமரி உள்ள கம்ப்யூட்டரில் முப்பத்திரண்டு ஜி.பி. கேட்கிற விளையாட்டு ஓடாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஆனாலும் மதுரை ஆஸ்பத்திரியில் அந்தப் பெரிய படிப்பைப் படித்த ஒரு டாக்டர், வெண்பாவிடம் இதைச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கெட்ட சேதியை நேராகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, பாவம்.

"கை பொருத்தியாச்சும்மா. நல்லா உக்காந்துருக்கு. இனி நரம்பும் அதுவும் ஒண்ணையொண்ணு பழகிக்கணும். நாப்பத்தஞ்சு நாள்தான் டைம். அதுக்குள்ள பழகலைன்னா நரம்பு நுனி காய்ஞ்சு போயிடும். அப்புறம் அது வெறும் பொம்மைக் கைதான்."

வெண்பா அந்தப் பொம்மையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயசு. கரட்டுக் காலனிக்காரி. சாத்தூருக்குத் தெற்கே, பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் மட்டுமே குடியிருக்கிற நூற்றிருபது வீடு அது. வானத்தில் போய் விரிகிற பேன்சி வெடி இருக்கிறதே, அதன் வயிற்றுக்குள் கலர் உருண்டைகளை அடுக்குகிற வேலை அவளுக்கு. அந்த அடுக்கில்தான் இருக்கிறது எல்லாம். மேலே போய்ப் பூவாக விரிவதும், வளையமாக விரிவதும், ஒன்றுமே விரியாமல் மானத்தை வாங்குவதும். ரெண்டு கையும் ஒன்றுக்கொன்று அனுசரித்துப் போக வேண்டிய வேலை. ஏழு மாதத்துக்கு முன்னால், வெயிலில் காயப்போட்டிருந்த உருண்டைத் தட்டு ஒன்று பற்றிக்கொண்டதில் அவளுடைய வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அரசாங்கத் திட்டத்தில் புதுக் கை கிடைத்துவிட்டது. அதற்கு உயிர் கொடுக்கத்தான் வழியைக் காணோம்.

"பயிற்சி எதுல டாக்டர்?"

"கேம்ல."

"வெளையாட்டா?"

"ஆமா. பசங்க விளையாடுற மலையேறுற கேம்தான். கைக்குத் தகுந்தாப்புல மாத்தியிருக்கோம். முதல்ல 'மூடு, திற'ன்னு சும்மா பயிற்சி கொடுத்துப் பாத்தோம். நரம்பு தூங்கிடுது. பிடி விட்டா விழுந்துருவோம்னு பயம் வந்தாத்தான் முழிச்சுக்குது. பயம் வரணும்னா மலை நிஜமா இருக்கணும். நிஜமா இருக்கணும்னா முப்பத்திரண்டு ஜி.பி. வேணும்."

இது நடந்தது 2061இல். அப்போது யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் என்று ஒன்று கிடையாது. கண்ணாடித் தகடு மாதிரி ஒரு திரை இருக்கும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கேயோ தூரத்தில் இருக்கிற சர்வரில் வாடகைக்கு ஓடும். அதில் ஓட்டினால் என்ன என்று வெண்பா கேட்டாள். டாக்டர் தலையை ஆட்டினார். அவ்வளவு தூரம் போய் பதில் திரும்பி வருவதற்குள் இமைக்கிற நேரத்தில் பாதி போய்விடுமாம். அந்தத் தாமதத்தை நரம்பு பொறுக்காதாம். 'இது என் கை இல்லை' என்று முடிவு கட்டிவிடுமாம். மிஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அப்படி மூன்று மிஷின் இருந்தன. வரிசை நாலு மாதம்.

"எங்க காலனி மண்டபத்துல ஒரு பழைய பொட்டி கெடக்கு" என்றாள் வெண்பா.

"எத்தனை ஜி.பி.?"

அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் கேமை ஒரு சில்லில் ஏற்றிக் கொடுத்து, "முயற்சி பண்ணிப் பாருங்க" என்றார். ஓடாது என்பதற்கு அது மரியாதையான சொல்.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய மிஷின்களை ரிப்பேர் பார்க்கிறவள் ரோஸ்லின். நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஊரில் எல்லாரும் தூக்கிப் போட்ட சாமான்களோடு பேசிக்கொண்டிருக்கிற பொம்பளை என்று அவளுக்கு ஒரு பேர். ஆறாம் நாள் காலையில் வெண்பாவின் வீட்டுக்காரர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மண்டபத்துக்குள் நுழைந்தவள் வெண்பாவைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. மிஷினைப் போட்டு, அது எழுந்திருக்க எடுத்துக்கொண்ட ஏழு நிமிஷமும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அடப்பாவமே, இதுக்குள்ள யார் யார் குடியிருக்கான்னு பாரு! ஸ்விட்ச்சப் போட்ட ஒடனே, கூப்பிடாமலே வந்து உக்காருற கூட்டம். வைரஸ் காவலுக்கு மூணு பேரு, மூணு பேரும் ஒருத்தனையொருத்தன் சந்தேகப்பட்டு அடிச்சுக்கிறான். தண்ணி தொறந்துவிடுற நேரத்தை மைக்ல சொல்ற புரோகிராம் ஒண்ணு. பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின பொங்கலுக்கு லைட்டு போர்டு எரிய விட்டது ஒண்ணு, இன்னும் எரிய விட்டுட்டே இருக்கு. இது யாரு? பிரிண்டர் புரோகிராம். பிரிண்டர் எங்கம்மா?"

"அது ஒடைஞ்சு பத்து வருஷம் ஆச்சுக்கா."

"இவன் இன்னும் அதைத் தேடிட்டே இருக்கான். நிமிஷத்துக்கு நாலு தடவை."

வெண்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு கேட்டாள், "கல்யாண வீடியோ, போட்டோன்னு நெறையக் கெடக்கே. அதை அழிச்சா எடம் வராதாக்கா?"

"அது வேற எடம். உங்க பேக்டரில குடோன்ல எவ்வளவு சரக்கு கெடந்தாலும் உனக்கு என்ன? வேலை பாக்குற பலகை மேல எவ்வளவு கெடக்குங்கறதுதான் பேச்சு. இந்த மிஷினுக்குக் குடோன் பெருசு. பலகைதான் சின்னது. எட்டு ஜி.பி."

வெண்பாவுக்கு இது பளிச்சென்று பிடிபட்டது. வெடிமருந்துக் கலவை அறையில் அன்றைய வேலைக்கு வேண்டிய அளவு மருந்தைத் தவிர ஒரு சிட்டிகை கூடப் பலகையில் இருக்கக் கூடாது. முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையே இல்லை.

"அப்ப பலகையைத் தொடைங்கக்கா."

ரோஸ்லின் துடைத்தாள். அதை என்னவென்று சொல்ல! மூன்று நாள், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை, கொண்டுவந்த தயிர்சாதத்தைக்கூட மிஷின் முன்னாலேயே சாப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொரு புரோகிராமாகக் கூப்பிட்டு விசாரித்து வெளியே அனுப்பினாள். எது போனால் எது விழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றை நிறுத்துவாள், காது கொடுத்து மிஷினின் காற்றாடிச் சத்தத்தைக் கேட்பாள், தலையாட்டுவாள், அடுத்ததற்குப் போவாள். ஆரம்பத்தில் மூன்றரை ஜி.பி. காலியாக இருந்தது. மூன்றாம் நாள் ஆறே முக்கால். பெரிய கம்பெனிக்காரர்கள் நூறு பேர் உட்கார்ந்து செய்ய மாட்டோம் என்றதை ஒரு ஸ்பேனரும் ஒரு தயிர்சாதமுமாகச் செய்த பொம்பளையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம் மலைக்கு வந்தாள். "மலையைச் சின்னதாக்க முடியாது. கல்லு கல்லா இருந்தாத்தான் உன் கைக்குத் தெரியும். மத்ததை எடுக்கறேன்" என்றாள். புல்லை எடுத்தாள். பறவையை எடுத்தாள். மேகம், நிழல், கீழே தெரிகிற ஊர், கடைசியில் வானம். சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைப் பாறையும், அதில் ஒட்டிக்கொண்ட இரண்டு கைகளும் மட்டும் மிச்சம். முப்பத்திரண்டு கேட்ட மலை ஏழரைக்கு இறங்கி வந்தது. இன்னும் முக்கால் ஜி.பி. இடிக்கிறது.

ரோஸ்லின் திரையில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழே மறுபடி விரலால் ஓட்டினாள்.

"ஒண்ணு செய்யலாம். நீ கத்துக்கிறதை அப்பப்ப குடோன்ல எழுதி வைக்க ஒருத்தன் நிக்கிறான். அவன் ஒருத்தனே முக்கால் ஜி.பி. அவனை அனுப்பிட்டா மலை ஓடும். ஆனா நீ கத்துக்கிறது எல்லாம் பலகை மேலயே கெடக்கும். உச்சியைத் தொட்ட அன்னைக்குத்தான் அவனைத் திரும்பக் கூப்பிட்டு உன் கைக்குள்ள எழுத முடியும். பாதி மலையை அவன் வாங்க மாட்டான், அவன் குணம் அப்படி. அதுவரைக்கும் மிஷினை அணைக்கவே கூடாது."

"கரண்டு போனா?"

"பேட்டரி வச்சுருக்கேன், ஆறு மணி நேரம் தாங்கும். ஆனா யாரும் அணைக்கக் கூடாது."

ஓர் அட்டையில் 'அணைக்காதீர்' என்று எழுதி மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ஒன்பதாம் நாள் வெண்பா மலையேறத் தொடங்கினாள். மொட்டை மலையில் உச்சிக்கு முப்பது நாள். கணக்குச் சரியாக இருந்தது.

முதல் மூன்று நாள் கை சொன்னதைக் கேட்கவில்லை. பிடிக்கச் சொன்னால் நடுங்கியது. நாலாம் நாள், கண்ணில் மாட்டிய கண்ணாடிக்குள் ஒரு பாறை விளிம்பைப் பற்றியபோது, கல் சில்லென்று இருந்தது. வெண்பா அலறிவிட்டாள். "அக்கா, குளுருதுக்கா! கல்லு குளுருது!" ரோஸ்லின் எட்டிப் பார்த்து, "ம், ஏறு" என்றாள். ஆனால் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனதை வெண்பா கேட்டாள்.

பதினெட்டு நாள் ஏறினாள். பாதிக்கு மேலே வந்துவிட்டாள். மிஷினிலிருந்து கைக்கு வருகிற ஒயர்க் கயிறு மாட்டியிருக்கும்வரை அந்த விரல்கள் அவள் விரல்கள். கழற்றிவிட்டால் மறுபடி பொம்மை. உச்சியைத் தொட்டுவிட்டால் கழற்றினாலும் அவள் விரல்கள்தான்.

அந்தப் பதினெட்டாம் நாள் சாயங்காலம் அவள் சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில், போர்மேன் பிரியதர்ஷினி மண்டபத்தைப் பூட்ட வந்தாள்.

பிரியதர்ஷினிக்கு அறுபது வயசு. பேக்டரியில் முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். காலையில் ஒவ்வொரு அறைக்கும் வெளியே அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மருந்து வெளியே வரும். அவளுக்கும் வலது கை இதே மாதிரிக் கைதான், பன்னிரண்டு வருஷமாக. அவள் போர்மேனாக இருந்த அறைகளில் ஒரு உயிர் போனதில்லை. அதற்குக் காரணம் கெட்டிக்காரத்தனம் எல்லாம் இல்லை, வெறும் பழக்கம். ஆள் இல்லாத அறையில் கரண்டு இருக்கக் கூடாது. கடைசியாக வெளியே வருகிறவள் மெயினை இறக்க வேண்டும், பேட்டரியையும் அணைக்க வேண்டும், பூட்ட வேண்டும். பேக்டரியில் அது சட்டம். பேக்டரிக்கு வெளியே அது அவள் கையின் பழக்கம்.

இருட்டுகிற நேரத்துக்கு அவளே வெண்பாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வேறு யாரையும் அனுப்பவில்லை.

"நான்தான் அணைச்சேன். அட்டையைப் படிச்சேன். படிச்சு முடிக்கிறதுக்குள்ள கை இறக்கிருச்சு."

வெண்பாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"போயிருங்க சித்தி. என் மூஞ்சில முழிக்காதீங்க. உங்களுக்குக் கை இருக்கு. உங்களுக்கு என்ன?"

பிரியதர்ஷினி நின்றபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வெண்பா கத்தி ஓய்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து அழத் தொடங்கிய பிறகும் நின்றாள். பிறகு, "காலையில ரோஸ்லினை வரச் சொல்லிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் ரோஸ்லின் கணக்குப் போட்டாள். நாற்பத்தைந்தில் மிச்சம் பதினெட்டு நாள். மொட்டை மலைக்கு முப்பது நாள் வேண்டும்.

"முழு மலையா இருந்தா?" என்றாள் பிரியதர்ஷினி. அவளும் வந்து உட்கார்ந்திருந்தாள். வெண்பா அவள் பக்கம் திரும்பவில்லை.

"முழு மலைன்னா பதினஞ்சு நாள் போதும். வானம், பள்ளம், எல்லாம் தெரிஞ்சா நரம்பு வெரசாக் கத்துக்கும். ஆனா அதுக்கு இன்னும் இருவத்தி நாலு ஜி.பி. வேணும். இந்த மிஷினுக்குப் பொருந்துற மெமரி செய்யறதை நிறுத்தி முப்பது வருஷம் ஆச்சு. தொடைக்க இனி பலகையில ஒண்ணுமில்ல. பலகையே பத்தலை."

பிரியதர்ஷினி தன் வலது கையின் மணிக்கட்டைத் திருகினாள். கிளிக் என்று கழன்றது. அதை மேஜைமேல் வைத்தாள்.

"இதுக்குள்ள எவ்வளவு?"

ரோஸ்லினுக்கு அது முதல் நாளே தெரியும். ஒவ்வொரு கையிலும் நாலு ஜி.பி. இருக்கிறது, சார்ஜ் போடுகிற துளை வழியாகவே எடுத்துப் பயன்படுத்தலாம் என்று தெரிந்தும், கேட்கக் கூடாத விஷயம் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள். அப்படி ஒரு மனுஷி.

"நாலு" என்றாள் ரோஸ்லின். "ஆனா அது காலியா இல்லை போர்மேனம்மா. உங்க கை கத்துக்கிட்டது எல்லாம் அதுலதான் இருக்கு. மலை ஓடுற நேரம் மட்டும் அதையெல்லாம் குடோனுக்கு அனுப்பிட்டு, முடிஞ்சதும் திரும்ப வைக்கணும். தினமும். ஒரே பலகையில ரெண்டு பேர் வேலை பாத்தா ஒருத்தர் மருந்து இன்னொருத்தர் மேல கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். திரும்பி வர்றப்ப ஏதாவது ஒண்ணு கொறையலாம். கொறையாமலும் போகலாம். எனக்குத் தெரியாது."

"ஆறு கை வேணும், இல்லியா? காலனியில எட்டுப் பேருக்கு இருக்கு. நான் போய்க் கேக்கறேன்."

"வேண்டாம் சித்தி" என்றாள் வெண்பா. அன்றைக்கு அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"உன்னைக் கேக்கலத்தா."

எட்டுப் பேரில் இரண்டு பேர் முடியாது என்றார்கள். ரேஷ்மாவுக்குப் படுத்த படுக்கையாக இருக்கிற மாமியார், தூக்கிவிட இரண்டு கையும் வேண்டும். இன்னொருத்திக்குப் பயம், அதை நேராகவே சொன்னாள். ஒருத்தரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. மற்ற ஐந்து பேரும் பிரியதர்ஷினியோடு சேர்ந்து மண்டபத்துக்கு வந்து, கைகளைக் கழற்றி மேஜைமேல் வரிசையாக வைத்தார்கள். திரி முறுக்குகிற சஹானா வைக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கி, விரல்களை ஒரு தடவை துடைத்து வைத்தாள்.

ரோஸ்லின் ஒரு நிபந்தனை போட்டாள். "தினமும் திரும்ப மாட்டினதும் கேப்பேன். ஒரு சின்னதுகூடக் கொறைஞ்சிருந்தா சொல்லணும். அன்னைக்கே நிறுத்திருவேன். ஒருத்தி கைக்காக ஆறு பேர் கையைக் கெடுத்தேங்கற பாவம் எனக்கு வேண்டாம். சரியா?"

எல்லாரும் சரி என்றார்கள்.

ரோஸ்லின் ஆறு கைகளின் கயிறுகளையும் ஒரு பழைய சர்க்யூட் அட்டையில் ஈயப் பற்று வைத்து மிஷினோடு சேர்த்தாள். வெண்பா கண்ணாடியை மாட்டினாள். அதே சாம்பல் பாறை. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் தலைக்கு மேலே நீலமாக ஏதோ பரவியது. வானம்! பதினெட்டு நாள் ஏறியும் பார்க்காத வானம். பாறை இடுக்கில் புல் முளைத்தது. மேகத்தின் நிழல் ஒன்று கல்லின்மேல் ஊர்ந்துபோனது. அவள் குனிந்து கீழே பார்த்தாள். அதலபாதாளம். ஒரு ஊர் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. வலது கை, அவள் சொல்லாமலே, பாறையை இறுகப் பற்றிக்கொண்டது.

"என்னத்தா தெரியுது?" என்று பிரியதர்ஷினியின் குரல் கேட்டது.

"எல்லாமே தெரியுது சித்தி" என்றாள் வெண்பா. அவளுக்கு அழுகையாக வந்தது. கண்ணாடிக்குள் அழுதால் மலை தெரியாது என்று அடக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும், நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை, ஆறு பெண்கள் ஒற்றைக் கையோடு அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு வேலை நிற்குமா? காய்கறியை அங்கேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஒருத்தி வெங்காயத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி நறுக்குவாள். ஒரு பூண்டை உரிக்க இரண்டு பேர். ஒருத்திக்குத் தலை பின்ன வேறு இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கை கொடுப்பார்கள், நடுவில் பின்னல் கோணிக்கொண்டு போக, அதற்கு ஒரு சிரிப்பு. வெளியே நின்று பார்த்த ஆம்பிளைகள் முதல் இரண்டு நாள் கேலி பண்ணினார்கள். மூன்றாம் நாள் அவரவர் வீட்டில் அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டார்கள். அதுவும் நடந்தது, நம்புங்கள்.

ஏழு மணிக்கு ரோஸ்லின் ஒவ்வொரு கையையும் திரும்ப மாட்டி, விரல்களை மடக்கச் சொல்லிப் பார்ப்பாள்.

"எல்லாம் சரியா?"

"எல்லாம் சரி" என்பாள் பிரியதர்ஷினி. "சரி" என்பாள் சஹானா. மற்ற நாலு பேரும் தலையாட்டுவார்கள். பதினைந்து நாளும் இதே கேள்வி, இதே பதில்.

நாற்பத்து மூன்றாம் நாள், ஆறரை மணிக்கு, வெண்பா உச்சியைத் தொட்டாள். மேலே ஏறி நிற்க ஒரு சின்னத் திட்டு இருந்தது, அவ்வளவுதான். வெற்றி வாத்தியம் எதுவும் வாசிக்கவில்லை. அந்தச் சத்தத்தையும் ரோஸ்லின் என்றைக்கோ எடுத்திருந்தாள். எழுதி வைக்கிறவனைக் கூப்பிட்டாள். மிஷின் இருபது நிமிஷம் எழுதியது. பிறகு ரோஸ்லின் குனிந்து வெண்பாவின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள்.

வெண்பா தரையில் கிடந்த ஒரு பூண்டுத் தோலைப் பார்த்தாள். குனிந்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போய் அதைக் கிழியாமல் எடுத்தன. தூக்கிக் காட்டினாள்.

என்ன கூச்சல், என்ன கூச்சல்! பிரியதர்ஷினி மட்டும் மூலையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெண்பா போய் அந்தப் புதுக் கையாலேயே அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

மதுரை டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, எந்த மிஷினில் பழகினீர்கள் என்று மூன்று தடவை கேட்டார். எட்டு ஜி.பி. என்றும், ரோஸ்லின் பார்த்துக் கொடுத்தது என்றும் சொன்னாள். அவர் நம்பவில்லை. "உங்க ஊருக்கு வந்து அந்த அம்மாவை நான் பாக்கணும்" என்றார். ரோஸ்லினிடம் சொன்னபோது, "வரட்டும். வரும்போது ஒடைஞ்ச மிஷின் ஏதாச்சும் இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லு" என்றாள்.

வெண்பா ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். கை நன்றாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது பாட்டுக்குச் சேலை நுனியை எடுத்து முறுக்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் நூல் பிடித்த மாதிரி ஒரே சீரான திரி. வெண்பா திரி அறையில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. புதுக் கையின் பரபரப்பு என்று நினைத்து விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். வாசல் அறையில் பதிவேடு இருந்தது. ஒவ்வொரு நாளும் முதலில் போர்மேன் மேலே கையெழுத்துப் போடுவாள், பிறகு வரிசையாக வேலையாட்கள். வெண்பாவுக்காக வரிசை வழிவிட்டது. எட்டு மாதம் கழித்து வருகிறவள் அல்லவா! பிரியதர்ஷினி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"போடுத்தா."

வெண்பா பேனாவை எடுத்தாள். கை ஓடியது. ஒரு தயக்கம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. முதல் எழுத்தின் தலையில் ஒரு பெரிய சுழி, நடுவில் எழுத்துகளை நெருக்கி, கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து, அடியில் இரண்டு புள்ளி.

அது அவள் கையெழுத்து இல்லை. அந்தப் பேக்டரியில் ஒவ்வொரு அறைக் கதவிலும் இத்தனை வருஷமாக இருக்கிற கையெழுத்து அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட அதைத் தெரியும்.

வெண்பா பக்கத்தின் மேலே பார்த்தாள். போர்மேன் கையெழுத்துப் போடுகிற இடத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதிய மாதிரி, கோணல் கோணலாக 'பிரியதர்ஷினி' என்று இருந்தது. இடது கையால் எழுதியது. முந்தின பக்கத்தைத் திருப்பினாள். அதிலும் அப்படியே. அதற்கு முந்தினதிலும். மூன்று வாரமாக அப்படியே.

"சித்தி… எப்போ போச்சு?"

"மூணாம் நாளு."

"தினமும் கேட்டாங்களே! எல்லாம் சரின்னு சொன்னீங்களே!"

"சொன்னா ரோஸ்லின் நிறுத்திருப்பா." பிரியதர்ஷினி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "பழைய கையில போட்டதை இந்தக் கைக்குப் பழக்க ரெண்டு வருசம் ஆச்சு எனக்கு. எங்க போச்சோன்னு நெனச்சுட்டு இருந்தேன். பத்திரமாத்தான் இருக்கு."

வெண்பா திரும்பி வரிசையைப் பார்த்தாள். சஹானா திரி அறை வரிசையில் இல்லை. நாலு ஆள் தள்ளி, லேபிள் ஒட்டுகிறவர்களோடு நின்றுகொண்டிருந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"சஹானாக்கா, உனக்கு என்ன போச்சு?"

"ஒண்ணும் போகல. வழியை விடு, மணி எட்டாகப் போவுது."

அவளுக்குப் பின்னால் நின்ற, கை கொடுத்த மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்பா பேனாவைக் கீழே வைக்கப் போனாள்.

"வைக்காதே" என்றாள் பிரியதர்ஷினி. பதிவேட்டைத் தன் பக்கமாகத் திருப்பிப் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி, மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்துகொண்டாள்.

"இன்னொரு தடவை போடு. மெதுவாப் போடு, நான் பாத்துப் பழகிக்கிறேன்."

வெண்பா போட்டாள்.